விட்டு விட்டு ஒரு விஷம்

அத்தியாயம் 6

ரொட்டிக்கடையின் பின்கட்டில் விசாரணை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அதாவது, அத்தாட்சி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். சோடாபுட்டி பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சோடா, அது எத்தனாவது?”

“சோதனை மேடம். விஷம் இருக்கான்னு பார்க்க வேண்டாமா?”

“முதல் பன்லயே தெரிஞ்சிருக்குமே.”

“அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க.”

எதைச் சொன்னாலும் ‘அத்தாட்சி இருக்கா?’ என்று கேட்டுக் கேட்டு, துப்பறியும் தொழிலில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் பாங்க் கணக்கில் மட்டும் உயிரோடு இருந்தது. உதவியாளருக்குக் கண்ணாடியின் தடிமன் பெயர் கொடுத்தது. அவளைவிட மூத்தவர் என்பதால் அவருக்கு ‘வாங்க, போங்க’ மரியாதை உண்டு. சம்பளம் அவள் கொடுப்பதால் பட்டப்பெயரும் உண்டு.

மேஜைக்கு அந்தப் பக்கம் குற்றம் சாட்டப்பட்டவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கடை முதலாளியின் மனைவி. யாருடைய கழுத்தை நினைத்துப் பிசைகிறாள் என்பது பிசைந்த வேகத்தில் தெரிந்தது.

முதலாளி மாடியில் படுத்திருந்தார். கிட்னி பழுதாகி மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனவர். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் தேறினார். வீட்டுக்கு வந்ததும் சரிந்தார். மூன்றாவது முறை தேறி நேற்றுதான் திரும்பியிருந்தார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் பிழைக்கிறவன் வீட்டுச் சாப்பாட்டில் விழுந்தால் என்ன அர்த்தம் என்று முதலாளியின் அக்கா கணக்குப் போட்டாள். விடை, தம்பி மனைவி. உடனே அத்தாட்சியை அமர்த்திவிட்டாள்.

“மூணு வேளையும் நான்தான் சமைக்கிறேன் மேடம்” என்றாள் மனைவி. “ஒரே பாத்திரம். அவர் சாப்பிட்டு மிச்சம் வெச்சதை நான் சாப்பிடறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே.”

“முதல் தடவை கிட்னி எதனால கெட்டுதாம்?”

“முட்டி வலிக்கு ஒரு சொட்டு மருந்து குடிச்சுக்கிட்டிருந்தார். நாள் பூரா அடுப்பு முன்னாடி நிக்கிற தொழில். வலிக்க வலிக்கக் குடிச்சிருக்கார். அதுதான் கிட்னியைத் தாக்கியிருக்குன்னு டாக்டர் சொன்னாராம்.”

“இப்பவும் குடிக்கிறாரா?”

“இல்லையே. டாக்டர் எல்லாத்தையும் அண்ணிகிட்டதான், அதான் இவரோட அக்காகிட்டதான் பேசுவார். அவங்க நம்பரைத்தான் கொடுத்திருக்காங்க. சொட்டு மருந்தை விட்டாச்சுன்னு அண்ணியே சொன்னாங்க. பாட்டிலைக்கூட அவங்களே எடுத்துக்கிட்டாங்க.”

மாடிப்படி அதிர்ந்தது. அக்கா இறங்கி வந்தாள். பீரோவைத் தோளில் மாட்டியது போல ஒரு கைப்பை.

“இவகிட்ட என்ன பேச்சு? கேட்டா பத்தினி மாதிரிதான் பேசுவா. அத்தாட்சி கிடைச்சுதா?”

“பன்ல இல்ல” என்றார் சோடா, அடுத்ததை எடுத்தபடி.

“ஏம்மா, நீங்க இங்க அடிக்கடி வருவீங்களா?” என்றாள் அத்தாட்சி.

“தினமும் வர முடியுமா? இவ மாவு எடுக்க மண்டிக்குப் போற நாளாப் பார்த்து வருவேன். அன்னைக்குத்தான் தம்பியோட நிம்மதியா நாலு வார்த்தை பேச முடியும். என் கையால ஆரஞ்சு ஜூஸ் பிழிஞ்சு கொடுப்பேன். அது உள்ள போறதாலதான் இந்த மட்டுக்காவது இருக்கான். மத்த நாளெல்லாம் இவ ராஜ்யம்.” அக்கா கைப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். “மத்தியானம் இன்ஸ்பெக்டர் வர்றார். தம்பி என்கூட என் வீட்டுக்கு வந்துடுவான். இவ ஸ்டேஷனுக்குப் போவா. அதுக்குள்ள நீங்க ஏதாவது கண்டுபிடிச்சாகணும்.”

மனைவி பிசைவதை நிறுத்தினாள். அத்தாட்சியைப் பார்த்துக் கேட்டாள். “ஸ்டேஷனுக்கு, இந்த மாவை மூடி வெச்சுட்டு வரலாமா மேடம்? இல்ல அப்படியே கிளம்பணுமா? பொங்கிடும்.”

கேட்டபடியே மாவை மூட ஈரத்துணியைத் தேடினாள்.

*

கிட்னி டாக்டரை ஆஸ்பத்திரி நடையிலேயே பிடித்தார்கள். அவர் ஒரு நோயாளியின் மகனிடம் உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

“உப்பை விடணும். சிகரெட்டை விடணும். அப்பா கோபத்தை விடணும்.”

“மூச்சை?” என்றார் சோடா, பின்னாலிருந்து.

“அதையும் விடணும்” என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் திரும்பிப் பார்த்தார். “யார் நீங்க?”

அத்தாட்சி சொன்னாள். டாக்டர் உடனே அவர்களை ஓர் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் அத்தாட்சி.

“எனக்கும் சந்தேகம்தான் மேடம். அதனாலதான் போன வாரம் அவர் கிட்னியில இருந்து ஊசியால துளி சதை எடுத்தோம். இதோ, வட்ட வட்டமாத் தெரியுதா? எல்லாம் சின்னக் குழாய்கள், குறுக்கே வெட்டினது. உள்சுவர்ல செல்லுங்க ஒரே வரிசையா, தோளோட தோள் உரசி நிக்கும். ஒவ்வொண்ணு தலையிலயும் பிரஷ் மாதிரி இழை. குழாய்ல ஓடறதுல நல்லதைத் துழாவி உள்ளே இழுக்கிறது அந்த பிரஷ்தான்.”

“இங்க வரிசையில ஓட்டை இருக்கே.”

“மருந்து தாக்கினது அங்கதான். சில செல் செத்து உதிர்ந்துடும். உதிர்ந்த குப்பை குழாயை அடைச்சுக்கும். இப்ப சொல்லுங்க, பக்கத்துல தப்பிச்ச செல் என்ன பண்ணும்?”

“வேற வேலை தேடும்” என்றார் சோடா.

“தலையில இருக்கிற பிரஷைக் கழட்டிடும். நிமிர்ந்து நின்னது தட்டையாப் படுத்துக்கும். கையைக் காலை நீட்டி, செத்தவன் இடத்தையும் சேர்த்து மூடும். அப்புறம் ரெண்டாப் பிரியும். ரெண்டு நாலாகும். வரிசை நிரம்பினதும் மறுபடி எழுந்து நின்னு, பிரஷ் முளைச்சு, பழைய வேலைக்குப் போயிடும். கீழே இருக்கிற சவ்வு, அதாவது தரை, கிழியாம இருந்தா போதும்.”

“வெளியில இருந்து ஆள் வராதா?”

“பெரும்பாலும் வராது. உயிரோட இருக்கிறவங்களே எல்லா வேலையும் பார்த்துக்கணும்.”

“எங்க ஆபீஸ் மாதிரி” என்றார் சோடா. அத்தாட்சி எழுந்து இடம் கொடுக்க, அவர் குனிந்தார். கண்ணாடியும் கண்ணாடியும் மோதி ‘டிங்’ என்றது. “ஒண்ணும் தெரியலை. ஆனா ரொம்ப அழகா இருக்கு.”

அத்தாட்சி அவரை நகர்த்திவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். “இந்த மூலையில குப்பை இப்பதான் உதிர்ந்த மாதிரி இருக்கு. இங்க ஒண்ணு தட்டையாப் படுத்திருக்கு. அந்தக் கோடியில பாதி பிரஷ் முளைச்சிருக்கு. ஒரே தெருவுல ஒரு வீடு எரியுது, ஒரு வீடு அஸ்திவாரத்துல நிக்குது, ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க. எப்படி டாக்டர்?”

டாக்டர் தலையை நிமிர்த்தினார். “அதுதான் எனக்கும் உறுத்துச்சு. ஒரே அடியா இருந்தா, ஏறக்குறைய எல்லாம் ஒரே கட்டத்துல இருக்கணும்.”

“தினமும் சாப்பாட்டுல கொஞ்சம் கொஞ்சமாக் கலந்தா?”

“உதிர்றது உதிர்ந்துகிட்டே இருக்கும். இந்த அளவுக்கு பிரஷ் முளைக்க அவகாசமே கிடைக்காது. இது அடிச்சு, ஆற நேரம் கொடுத்து, மறுபடி அடிச்ச மாதிரி...”

“விட்டு விட்டுப் பெய்யற மழை மாதிரி” என்றார் சோடா.

அத்தாட்சி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“என்ன சொன்னீங்க?”

“மழைன்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“விட்டு விட்டு.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டு உருட்டினாள். சோடாவுக்கு அந்தப் பார்வை தெரியும். மதியச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம்.

“சமைக்கிறவ தினமும் சமைக்கிறா” என்றாள் மெதுவாக. “விட்டு விட்டுக் கொடுக்க அவளால முடியும், ஆனா எதுக்கு? இது வந்து போற ஆளோட வேலை. டாக்டர், அந்த வலி மருந்து வீட்டுல நின்னுடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எப்படின்னா? வீட்டுக்கு அனுப்பறப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அப்புறமும் நானே போன் பண்ணிக் கேட்பேன். ‘விட்டாச்சு டாக்டர், நானே கையோட விட்டுட்டேன்’னு ஒவ்வொரு தடவையும் சொல்வாங்க. ரொம்பப் பொறுப்பான அம்மா.”

“யாரு, மனைவியா?”

“அக்கா.”

அத்தாட்சி எழுந்தேவிட்டாள். “இன்னும் ஒரு தடவை அந்தக் குழாய்ங்களுக்கு அடி விழுந்தா?”

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் இருந்த கண்ணாடித் தகட்டை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு அதில் இளஞ்சிவப்பாக ஒரு கீறல்தான் இருந்தது.

“செல் ரெண்டாப் பிரியற நேரம் பார்த்து அடி விழுந்தா, பாதியிலயே நின்னுடும் மேடம். சாகாது. பிரியவும் பிரியாது. அப்படி மாட்டிக்கிட்டது சும்மாவும் இருக்காது. தழும்பு போடற செல்லுங்களைக் கூவிக் கூவிக் கூப்பிடும். தழும்பு விழுந்த இடம் அப்புறம் கிட்னியே இல்ல, நார். இவருக்கு அந்த மாதிரி ஏற்கெனவே கொஞ்சம் இருக்கு. இன்னொரு அடிக்கப்புறம் ‘கொஞ்சம்’னு நான் சொல்ல மாட்டேன். காலம் பூரா மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ண வேண்டியிருக்கும்.”

அத்தாட்சி அக்காவின் நம்பருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கைப்பைக்குள் ஒலிக்கிற போன் வெளியே கேட்க வாய்ப்பில்லை.

“இன்னைக்கு அந்த மனைவி மண்டிக்குப் போகலை. ஆனா நம்ம புண்ணியத்துல விசாரணைக் கைதியா கீழே மாட்டிக்கிட்டு இருக்கா. மாடியில அக்காவும் தம்பியும் மட்டும்தான். டாக்டர், கிளம்புங்க.”

“எனக்கு இன்னும் ஏழெட்டு நோயாளிங்க...”

“அவங்களை விடணும்” என்றார் சோடா.

*

சோடாவின் காரில் முன்கதவு உள்ளேயிருந்து உதைத்தால்தான் திறக்கும். டாக்டர் உதைத்தார். மூன்று பேரும் கடைக்குள் ஓடினார்கள். மனைவி முழங்கை வரை மாவோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்ஸ்பெக்டரா?”

“அதைவிட மோசம், டாக்டர்” என்றார் சோடா. “மேல வாங்கம்மா.”

மாடி அறை வாசலில் அத்தாட்சி எல்லாரையும் கை நீட்டி நிறுத்தினாள். டாக்டரின் காதருகே சொன்னாள். “போன்ல வழக்கமாக் கேட்பீங்களே, அதே கேள்வி. ஒரு எழுத்துகூட மாத்தாம உள்ளே போய்க் கேளுங்க.”

“இப்பவா?”

“இப்பவே.”

டாக்டர் உள்ளே போனார். முதலாளி தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் பெரிய டம்ளர் நிறைய ஆரஞ்சு ஜூஸ். அக்கா டாக்டரைப் பார்த்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“உட்காருங்கம்மா. ஒண்ணுமில்ல.” டாக்டர் தொண்டையைச் செருமினார். “சொட்டு மருந்தை விட்டாச்சா?”

“இன்னும் இல்ல டாக்டர்” என்றாள் அக்கா, பாடம் ஒப்பிக்காத பிள்ளையைப் போல. “இதோ, இப்பதான் விடப்போறேன்.”

கைப்பை திறந்தது. மருந்து பாட்டில் வெளியே வந்தது. அக்கா டம்ளருக்கு மேலே அதைக் கவிழ்த்துப் பிடித்து, உதடு அசைய எண்ணத் தொடங்கினாள்.

டாக்டர் அசையவில்லை. அசையத் தெரியாதவர் போல நின்றார்.

“ஆஸ்பத்திரியில நர்ஸுங்க என்னைக் கிட்டயே சேர்க்கலை” என்றாள் அக்கா எண்ணிக்கையின் நடுவே. “அந்த நாளுக்கும் சேர்த்து விட்டுடறேன்.”

“கொடு அக்கா, தாகமா இருக்கு” என்று முதலாளி கையை நீட்டினார்.

டம்ளரை அத்தாட்சி எடுத்துக்கொண்டாள். சோடாவிடம் நீட்டினாள். சோடா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்ன இது? அவன் குடிக்கட்டும்!”

“அம்மா, இந்த மருந்தை எத்தனை நாளா விடறீங்க?”

“டாக்டர் சொன்னதுல இருந்துதான். ‘அந்த சொட்டு மருந்தை மறக்காம விடணும். இல்லைன்னா கிட்னி தாங்காது’ன்னு எவ்வளவு அக்கறையா சொன்னார்! இவ கையில பாட்டிலைக் கொடுத்தா மறந்துடுவாளேன்னுதான் நானே வெச்சுக்கிட்டேன். நான் வர முடியாத நாளைக்கும் சேர்த்து, வர்ற அன்னைக்கு விட்டுடுவேன். கசக்குதுன்னு அடம் பிடிப்பான், அதனால ஜூஸ்ல.”

கீழே கடையில் யாரோ வந்து “யாரும் இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

“நான்...” என்றார் டாக்டர். “நான் விடணும்னு சொன்னது... நிறுத்தணும்னு.”

“என்னது?”

“சிகரெட்டை விடற மாதிரி.”

அக்காவின் கையிலிருந்த பாட்டில் மெதுவாக ஸ்டூலில் இறங்கியது. முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். “அப்போ நிறுத்துன்னு சொல்ல வேண்டியதுதானே! எங்க வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆனப்போ அந்த டாக்டரும் இதே வார்த்தைதான் சொன்னார். மறக்காம மருந்து விடணும்னார். விட்டேன். கண்ணு தெரிஞ்சுது. சொட்டு மருந்தை விடணும்னா வேற என்ன அர்த்தம் இருக்கு உலகத்துல?”

“காகிதத்துல தெளிவா எழுதியிருந்தேனே...”

“அதை உங்க கம்பவுண்டரே ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு, உங்களையே கேட்டுக்கச் சொன்னார். நீங்கதான் போன்ல கேட்டீங்க. நானும் விட்டாச்சுன்னு சொன்னேன். ‘ரொம்ப நல்லது’ன்னீங்க!”

மனைவி வாசலில் நின்றாள். மாவு காய்ந்து கையில் வெடித்திருந்தது.

“என்கிட்டயும் விட்டாச்சுன்னுதான் சொன்னீங்க அண்ணி” என்றாள்.

அக்கா அவளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். அந்த வரிசையில்தான் விஷயம் முழுதாக உள்ளே இறங்கியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தவள், உட்கார்ந்த இடத்திலேயே சின்னதாகிப்போனாள்.

“தம்பியை நானா...? தூக்கி வளர்த்த கையாலயா?”

“அக்கா, அழாதே” என்றார் முதலாளி. “ஜூஸ் கசக்குதேன்னு தோணும். உன் கைப்பக்குவமே அப்படித்தான்னு இருந்துட்டேன்.”

“டாக்டர்” என்றாள் அத்தாட்சி. “இன்னைக்கு விட்டது உள்ளே போகலை. இனி என்ன ஆகும்?”

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “இனிமே எதுவும் தாக்கலைன்னா, படுத்திருக்கிற செல்லுங்க எழுந்துடும். பழையபடி முழுசா வராது, தழும்பு தழும்புதான். ஆனா மெஷின் தேவைப்படாது. பெரிசா எதுவும் செய்ய வேண்டாம். சும்மா விட்டா...”

ஐந்து பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

“எதுவும் கொடுக்காம இருந்தா போதும்” என்று அவசரமாகத் திருத்திக்கொண்டார்.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தொப்பியைக் கழற்றியபடி இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

“புருஷனுக்கு விஷம் வெச்ச கேஸ் இதுதானே? யார் மேல புகார்?”

சோடா ஒரு விரலைத் தூக்கினார். “ஒரு வினைச்சொல் மேல சார்.”

“எந்த ஊர்க்காரன்?”

அக்கா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், விலங்குக்கு அளவு கொடுப்பவளைப் போல. “சார், என்னை...”

“உட்காருங்க அண்ணி.”

மனைவி உள்ளே வந்து, நீட்டிய கைகளை மாவுக் கையாலேயே கீழே தள்ளினாள். ஸ்டூலில் இருந்த பாட்டிலை எடுத்தாள். முற்றத்துக் குழாயடிப் பக்கம் இருந்த ஜன்னலைத் திறந்து, அதைத் தலைகீழாகப் பிடித்தாள். ஒரு சொட்டு பாக்கி இல்லாமல் வடியும் வரை காத்திருந்தாள். அத்தாட்சி அந்த நேரம் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அது ஓடவில்லை.

“புகார் எதுவும் இல்ல சார்” என்றாள் மனைவி. “அவருக்கு மருந்து கொடுக்கிறதுல எங்க ரெண்டு பேருக்கும் ஒரு தகராறு. வீட்டு விஷயம். அவசரப்பட்டு உங்களைக் கூப்பிட்டுட்டாங்க.”

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். டாக்டர் முகத்தில் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. “தகராறு முடிஞ்சுதா?”

“இன்னும் இல்ல சார்.”

“பின்னே?”

“நீங்க கிளம்பினதும் ஆரம்பிக்கும்.”

இருபது வருஷமாகக் குடும்பஸ்தராக இருக்கும் இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு, வந்ததைவிட வேகமாகப் படியிறங்கினார். டாக்டரும் நழுவினார். அத்தாட்சியும் சோடாவும் வாசலைத் தாண்டியதும் மனைவி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளேயிருந்து அவள் குரல் நிதானமாகக் கேட்டது.

“இப்ப சொல்லுங்க அண்ணி. ஊர் பூரா என்னை என்னன்னு சொல்லிட்டு வந்தீங்க? முதல்ல இருந்து வரலாம்.”

சோடா கதவில் காதை வைத்தார். அத்தாட்சி அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

“கேஸ் முடிஞ்சிருச்சு சோடா.”

“அந்த அம்மாவுக்கு இப்பதான் மேடம் ஆரம்பிக்குது” என்றார் சோடா. காதை மட்டும் எடுக்கவில்லை.